இரு துண்டுகள்

ஒரு சொல் பல பொருள் குறித்து வருதலை மாணவர்க்கு விளக்குங்கால், நிகண்டுகளிலிருந்து எடுத்துக்காட்டுத் தருவது பண்டிதர் மரபு. பதுளைப் பகுதித் தோட்டப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு தமிழ் கற்பித்துவரும் நான் அவ்வழி செல்வதில்லை. 'துண்டு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வேன். "துண்டு என்றால் என்ன?" என்று கேட்டவுடன், "தோளில் போடுவது, ஐயா" என்று ஒரு பிள்ளை சொல்லும். "கரும்பில் ஒரு துண்டு" என்று மற்றொன்று சொல்லும். மூன்றாவது பொருளை எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. அவர்தம் பாட்டனுக்குப் பாட்டன் அப்பொருளை ஒரு நாளும் மறந்திருக்கமாட்டான். அதைச் சொல்லிவிட்டு, நான்காவது பொருளொன்றும் எனக்குண்டு என்பதைச் சொல்லாமலே மணியடிக்கும்வரை பாடத்தை நடத்திவிடுவேன். இன்று அந்த நான்காவதையும் எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

மூன்றாவது பொருள் இது. தோட்டத் தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், துரையிடமிருந்து ஒரு சீட்டுப் பெறவேண்டியிருந்தது. இன்ன கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு பணம் கடன்பட்டிருக்கிறார்கள். அதனைச் செலுத்துவோரிடம் அவர்களை விடுவிக்க இசைகிறோம் என்று அச்சீட்டுக் கூறும். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் பழைய கடனை அடைக்கும். கடன் மட்டும் அடையாது, கைம்மாறி நிற்கும். மனிதர் கடனின் பின்னே நடந்தனர். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது.

அந்தக் கடன் எங்கே தொடங்கிற்று? கடல் கடந்து வந்த செலவில் ஒரு பகுதி. அரிசியில் ஒரு பகுதி. கம்பளியில் ஒரு பகுதி. ஊவா மலைக்குளிரைக் கண்டறியாத திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமை மக்களுக்குத் தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள். பெண்டிர் அதனைத் தலைமேல் மடித்துப் போட்டு அதன்மேல் கூடையின் கயிற்றைத் தாங்கினர். கொடுத்தவர் கையையும் வாங்கியவர் கையையும் பார்த்தால் அது கொடை போலவே இருக்கும். கணக்கேட்டைப் புரட்டினால் அதன் விலை பற்றெழுதப்பட்டிருக்கும். குளிரால் நடுங்கிற்றென்று மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பாடத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கம்பளி நினைவுக்கு வரும். அந்த மயிலின் பெயரில் பேகன் கணக்குத் திறக்கவில்லை.

இனி நான்காவது துண்டு.

நமுனுகுல மலைச்சரிவில் உள்ள தோட்டமொன்றில், இருபுறமும் பத்துப் பத்துக் காம்பராக்கள் கொண்ட இரட்டை லயத்தில் நான் பிறந்தேன். எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவன் என் நண்பன். என்னினும் மூன்று வயது மூத்தவன். நான் அவனை அண்ணே என்றே அழைப்பேன். அவன் இசைவைப் பெறாது பெயரை எழுத எனக்கு மனமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டான். தந்தைக்கு நெஞ்சுநோய், செக்ரோலில் பேர் பதிய இவனுக்கு இன்னும் வயதாகவில்லை. அந்த இடைக்காலத்தில் 1981ஆம் ஆண்டு, தன் பதினான்காம் வயதில், அவன் நெசவு கற்கப் போனான்.

தேயிலைத் தோட்டத்துப் பையனுக்கும் தறிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். எங்கள் தோட்டத்தின் கீழெல்லையில் ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் வயலும் பலாமரங்களும் சூழ்ந்த சிங்களச் சிற்றூர். அங்கே முதியவர் ஒருவர் வீட்டின் பக்கத்தில் கொட்டில் போட்டு இரண்டு தறிகள் வைத்திருந்தார். அரசாங்கக் கைத்தறி நிலையங்கள் ஊர்தோறும் இயங்கிய காலத்தில் அவற்றுள் ஒன்றில் நெசவு கற்பித்தவர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுத் துணி மலிந்தபின் நிலையங்கள் பல நலிந்தன; அவருடையதும் மூடப்பட்டது. தம் தறிகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். கைவினை ஆசானைச் சிங்களத்தில் குருன்னான்சே என்பர். ஊரார் அவரை அவ்வாறே அழைத்தனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அவர் மைந்தர் இருவரும் நகரத்துக்குப் போய்விட்டனர். தறிக்கு ஒரு கை வேண்டியிருந்தது.

அந்த வீட்டாருக்கும் நண்பன் வீட்டாருக்கும் பழக்கம் முன்னரே உண்டு. மாதந்தோறும் தோட்டத்தில் தரும் தேயிலைத்தூளில் ஒரு பங்கை நண்பனின் தாய் ஓடைக்கு அப்பால் அனுப்புவாள். அங்கிருந்து பலாக்காய் வரும், சில நாள் கித்துள் கருப்பட்டி வரும். குருன்னான்சேயின் மனைவியை அவள் 'அக்கா' என்பாள். சிங்களத்திலும் மூத்தவள் அக்காவே. இரு மொழிக்கும் பொதுவான அந்த ஒரு சொல்லே அவர்கள் நட்புக்குப் போதியதாயிருந்தது. மற்றவற்றைக் கையாலும் சிரிப்பாலும் பேசிக்கொண்டனர்.

பையன் தொழில் கற்கச் சென்ற நாளன்று தாய் அவன் கையில் வெற்றிலைக் கட்டொன்று கொடுத்தாள். ஆசானிடம் வெறுங்கையோடு போகலாகாது என்பது நம் மரபு. வெற்றிலைக் கட்டு நீட்டி வணங்கித் தொழில் தொடங்குவது அவர்கள் மரபு. இருவர் மரபும் ஒரே இலையில் சந்தித்தன. குருன்னான்சே அக்கட்டை இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்றும், தன் வாழ்நாளில் தன் கையிலிருந்து ஒருவர் இரு கையால் எதையும் வாங்கியது அதுவே முதன்முறை என்றும் நண்பன் அன்றிரவு என்னிடம் சொன்னான்.

முதல் ஆறு மாதம் அவனைத் தறியில் அமரவே விடவில்லை. சிக்குண்ட நூலைப் பிரிப்பது, இராட்டையில் தார் சுற்றுவது, பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவது, அறுந்த இழையைப் பிணைப்பது ஆகியவையே வேலை. விரல் நுனியில் சாம்பல் தொட்டுக்கொண்டு இரண்டு நுனிகளை ஒருங்கே முறுக்கிப் பிணைக்க வேண்டும். அவன் பிணைத்ததை ஆசான் கண்ணால் பார்ப்பதில்லை. கண்ணை மூடி விரலால் தடவிப் பார்ப்பார். முடிச்சுத் தடித்திருந்தால் பிரித்துவிடுவார். "முடிச்சு இருப்பது குற்றமன்று, புத்தா. அது அச்சுப் பல்லில் மாட்டக்கூடாது. மாட்டினால் தானும் அறும், பக்கத்து இழையையும் அறுக்கும்" என்பாராம். புத்தா என்றால் மகனே என்று பொருள். அந்தச் சொல்லை நண்பன் மொழிபெயர்க்காமலே எனக்குச் சொல்லுவான்.

ஏழாம் மாதம் தறியில் அமர்ந்தான். மிதியை மிதித்தால் பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். அவ்வாயில் நாடா ஓடி ஊடையை இட்டுவரும். அச்சு அதனை அறைந்து சேர்க்கும். கால், கை, கண் மூன்றும் ஒரே தாளத்தில் அமையவேண்டும். கை முந்தினால் ஓரம் சுருங்கும். கால் முந்தினால் நாடா பாய்ந்து வெளியே விழும். பள்ளிவிட்டு வந்து நான் கொட்டிலின் வாசலில் அமர்ந்திருப்பேன். கீழே தறியோசையும் மேலே மலையில் கொழுந்து நிறுக்க ஊதும் கொம்பும் ஒரே வேளையில் கேட்கும். நண்பன் தலை நிமிர்வதில்லை.

மாலையில் நாங்கள் இருவரும் லயத்துக்குத் திரும்பியபின் வேறொரு பள்ளி தொடங்கும். அவனுக்கு எழுத்து மறந்துபோயிருந்தது. இழையெண்ணிக்கையும் நிறக்குறிப்பும் எழுதிவைக்க எழுத்துத் தேவைப்பட்டது. குப்பி விளக்கொளியில் நான் அவனுக்கு எழுத்துக் கற்பித்தேன். பதினோரு வயது ஆசிரியன். பதினான்கு வயது மாணவன். அதற்கு ஈடாக அவன் எனக்கு என்ன தருவது என்று இருவரும் எண்ணவில்லை. அவன் தாய் எண்ணியிருந்தாள் போலும். பாடம் முடிந்ததும் எனக்கு ஒரு ரொட்டி இருக்கும்.

பின்னாளில் கீழ்த்திசைக் கல்லூரியில் நன்னூல் பாடம் கேட்டபோது, பவணந்தியார் நூல் என்னும் சொல்லுக்குக் காட்டும் உவமையைக் கேட்டு நான் சிறிது நேரம் பாடத்தை விட்டுவிட்டேன். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் அறிவைக் கதிராகவும் கூறுகிறார் அவர். புத்தகத்துக்கும் இழைக்கும் தமிழில் ஒரே பெயர். 'பனுவல்' என்ற சொல்லும் அவ்வாறே பஞ்சையும் பாட்டையும் குறிக்கும். எங்கள் லயத்தில் நூலுக்கு நூல் கைம்மாறிக்கொண்டிருந்ததை நாங்கள் அறியாமலே செய்திருக்கிறோம்.

இந்நாட்டு நெசவு பழையது. ஊவாவின் தாழ்நிலப் பகுதிகளில் சேனைப் பயிராகப் பருத்தி விளைந்தது. 1818ஆம் ஆண்டு ஊவா-வெல்லச கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வயலும் ஊரும் குளமும் அழிந்தன. பின்னர் சீமைத் துணி வந்தது. சிற்றூர்த் தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஓயாது நின்ற சில இடங்களை உலகறியச் செய்தவர் ஒரு தமிழர். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தரான ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராயிருந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராய்ச் சென்றவர் கலையைக் கண்டுகொண்டார். 1908இல் வெளிவந்த தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், உடதும்பறைப் பகுதித் தலகுனே ஊரின் பருத்தி நெசவையும் அவர் பதிவு செய்தார். தலகுனேயில் இன்றும் தறியோசை உண்டு. அதனையடுத்த தும்பறைப் பகுதியில் நார் கொண்டு நெய்யும் பாய்வகை, தும்பறை ரட்டா களால என்ற பெயரில், 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பாயை நெய்தோர் முன்னாளில் சமூகத்தின் கடைப்படியில் வைக்கப்பட்டிருந்தோர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

குமாரசுவாமியின் எழுத்தில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. பழைய கண்டி நாட்டில் கைவினைஞன் தன் பொருளைச் சந்தையில் விலைகூறி விற்பவனாக இல்லை. அவனுக்குத் தொழில்வழி நிலம் இருந்தது; செய்த பொருளைக் கொண்டுசென்றால் அவனுக்கும் அரிசியோ துணியோ கைப்பொருளோ கிடைக்கும். இம்முறையில் கட்டாயமும் உண்டு, சாதிக் கட்டுப்பாடும் உண்டு. அதனைப் பொற்காலம் என்று நான் புகழவில்லை. ஆயினும், பொருளின் பின்னே முகம் ஒன்று இருந்தது. எங்கள் ஓடையின் இருகரையிலும் எஞ்சியிருந்தது அந்த முகமே.

சித்திரை முதல்நாள் இருசாரார்க்கும் ஆண்டுப்பிறப்பு. நம் மூத்தோர் வெற்றிலையில் பணம் வைத்துக் கைவிசேடம் தருவர். அவர்கள் அதனைக் கனுதெனு என்பர். சுபவேளையில் உறவினரோடும் அயலாரோடும் கொடுத்து வாங்குவர். கிணற்றோடும் கனுதெனு உண்டு. உப்பையும் கரியையும் கிணற்றிலிட்டு, அதற்கீடாக நீர் முகந்துவருவர். தண்ணீரைக்கூடச் சும்மா எடுத்தல் ஆகாது என்பது கருத்து. நாம் கொடுக்கல் வாங்கல் என்கிறோம். கனுதெனு என்பதோ வாங்கல் கொடுக்கல். சொல்லின் வரிசை மாறினாலும் செயல் மாறவில்லை. இரண்டு சொல்லும் இன்று வட்டிக்கடை வாசலிலும் வழங்குவது வேறு கதை.

அந்நாளில் குருன்னான்சே வீட்டிலிருந்து பாற்சோறும் கொக்கிசும் கொண்டைப் பணியாரமும் துணியால் மூடிய தட்டில் வரும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் லயத்திலிருந்து தட்டுகள் ஓடையைக் கடக்கும். எவர் தட்டும் வெறுமையாய்த் திரும்பக் கூடாது. ஒரு பிடி சீனியாவது, இரண்டு எலுமிச்சங்காயாவது அதில் இருக்கும். எங்கள் அன்னையர்க்கு இதை எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பிரெஞ்சு நாட்டறிஞர் மார்செல் மோஸ் 1925ஆம் ஆண்டு கொடையைப் பற்றிப் புகழ்பெற்ற ஆய்வொன்று எழுதினார். பல தீவுகளின், பல குடிகளின் வழக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து, கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமைகள் என்று முடிவு கண்டார். மூன்றில் ஒன்று தவறினும் உறவு அறும் என்பது அவர் கூற்றின் சாரம். அதனைப் படித்தபோது எனக்கு வியப்புத் தோன்றவில்லை. எங்கள் லயத்துப் பெண்டிரின் தட்டுகளைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றிற்று. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கத்து மொய்விருந்தும் எங்கள் தோட்டத்துச் சடங்கு வீட்டு மொய்யேடும் இந்த மூன்று கடமைகளின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் தமிழ்ப் பண்டிதனுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அயல்வீட்டில் அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்பித் தருதலுக்குக் குறியெதிர்ப்பை என்று பழந்தமிழில் பெயர். வள்ளுவர் இல்லாதவர்க்குக் கொடுப்பதையே ஈகை என்கிறார். ஏனையவற்றைக் குறியெதிர்ப்பையின்பாற் படுத்துத் தாழ்த்துகிறார். அவரே நெசவுத் தொழில் செய்தார் என்றும் ஏலேலசிங்கர் என்னும் வணிகரின் நண்பர் என்றும் கதை வழங்குகிறது. நெய்வோரான அவர் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தாழ்த்தியது ஏன் என்று நான் நெடுநாள் எண்ணியதுண்டு.

மறுபுறம் புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் முதிரமலைக் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்புகிறார். மனைவியிடம் அவர் சொல்லுவது யாது? உன்னை விரும்பியவர்க்குக் கொடு, நீ விரும்பியவர்க்குக் கொடு, நெடுநாளாய் உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் கொடு, என்னைக் கேளாதே கொடு என்கிறார். வறுமைக் காலத்தில் உழக்கரிசி அளந்து தந்த அயல்வீட்டுப் பெண்டிரை அந்தப் புலவர் மறக்கவில்லை. குமணன் புகழ் பாட்டில் நிற்கிறது; ஆனால் குமணனைக் காணும்வரை அக்குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தது குறியெதிர்ப்பையே.

என் கருத்தை அடக்கத்தோடு சொல்கிறேன். உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது உயர்ந்த அறம், மறுப்பாரில்லை. ஆயினும், என்றும் ஏற்கும் நிலையிலேயே வைக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்துக்குத் திருப்பித் தரும் உரிமையே மானம். எங்களுக்குக் கம்பளி தந்தார்கள், அரிசி தந்தார்கள், தந்ததையெல்லாம் கணக்கில் எழுதினார்கள், நாங்கள் தந்ததை எந்த ஏட்டிலும் எழுதவில்லை. ஓடைக்கு அப்பாலிருந்த வீட்டில் மட்டுமே எங்கள் தட்டுக்கு எதிர்த்தட்டு உண்டு. வள்ளுவர் தாழ்த்திய குறியெதிர்ப்பை எங்களுக்கு ஏணிப்படியாயிற்று.

1982ஆம் ஆண்டின் இறுதியில் நண்பன் தன் முதல் துணியை நெய்து முடித்தான். வெள்ளைப் பருத்தி, இரு கரையிலும் ஒரு விரல் அகலத்தில் செங்காவிக் கோடு. முதல் துணியை விற்பதில்லை என்பது ஆசானின் கட்டளை. ஒரே பாவில் நெய்த நீளத்தை நடுவே வெட்டி இரண்டு துண்டாக்கினான். ஒன்றை வெற்றிலை மேல் வைத்து ஆசானிடம் கொடுத்து வணங்கினான். மற்றொன்று தாய்க்கு என்றே அனைவரும் எண்ணினோம். அன்று மாலை எங்கள் காம்பரா வாசலில் நின்று அதை என் தோளில் போட்டான்.

"எனக்கெதுக்கு அண்ணே? பெரியம்மாவுக்குக் குடு" என்றேன்.

"அம்மாதான் சொன்னிச்சு. எழுத்துச் சொல்லிக் குடுத்தவனுக்குக் குடுக்கணுமாம். எனக்கும் ரெண்டு குரு இல்லியா?" என்றான்.

எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்த ஒரு சொல்லால் ஆசிரியனானேன். வேறு தொழிலைப் பின்னர் எண்ணியதில்லை.

அடுத்த ஆண்டு ஜூலை வந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்ததை மலைமேலிருந்து புகையாகக் கண்டோம். இரவில் லயத்தை நோக்கிக் கூட்டம் வருகிறது என்ற செய்தி வந்தது. பெரியவர்கள் சிலர் தேயிலைக்குள் மறைந்தனர். எங்கள் குடும்பமும் நண்பன் குடும்பமும் ஓடையைக் கடந்தன. குருன்னான்சே கொட்டிலின் கதவைத் திறந்து இரண்டு தறிகளுக்கும் இடையே எங்களை அமர்த்தி, விளக்கை அணைத்து, வெளித் திண்ணையில் தாம் அமர்ந்துகொண்டார். கூட்டம் அவ்வூர் வழியே வந்ததா என்பதை இன்றுவரை அறியேன். வந்தவரிடம் என்ன சொன்னார் என்பதை அவர் ஒருநாளும் எங்களிடம் சொல்லவில்லை.

விடியற்காலையில் அக்கா பெரிய பானையில் சோறும் பலாக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தாள். அனைவரும் உண்டோம். நண்பனின் தாய் பானையை ஓடையில் கழுவி எடுத்துவந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கையில் ஒன்றுமில்லை. அரிசியும் உப்பும் லயத்தில் கிடந்தன. லயம் நிற்கிறதா என்பதே தெரியாது. வெறும் பானையை நீட்ட அவளால் இயலவில்லை. இரவெல்லாம் அழாதவள் அப்போது அழுதாள்.

அக்கா அவளைச் சிறிது நேரம் பார்த்தாள். பின்னர் முற்றத்தில் நின்ற தன் கறிவேப்பிலை மரத்திலிருந்து ஓர் இணுக்கு ஒடித்து, அதை அவள் கையில் கொடுத்து, அக்கையைப் பிடித்தே பானைக்குள் இடச்செய்து, பானையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு சொல்லும் பேசவில்லை. கொடை என்னும் பொருளில் நான் கற்ற பாடங்களுள் அதனினும் பெரியதை எந்த இலக்கியத்திலும் கண்டிலேன். தான் கொடுப்பது எளிது. பிறர் தனக்குக் கொடுக்க வழி செய்து கொடுப்பது அரிது.

நண்பன் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு முன்னரே வந்திருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களவரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 பேரை இரு நாடுகளுக்கும் பங்கிடத் தொடங்கியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தனர். பாவைக் குறுக்கே வெட்டினால் ஒவ்வோர் இழையும் அறும். அவ்வாறே ஒவ்வொரு லயமும் அறுந்தது. போக மனமின்றிக் காலம் கடத்திய நண்பனின் தந்தை, அந்த ஜூலைக்குப் பின் ஒரே இரவில் முடிவு செய்தார்.

1984ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர்கள் புறப்பட்டனர். தலைமன்னார்க் கப்பல் அவ்வாண்டோடு நின்றுபோயிற்று. பதுளை நிலையத்தில் ஏறி வழியெல்லாம் அழுதுகொண்டு போகும் அந்த வண்டியை எம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர். குருன்னான்சே நிலையத்துக்கு வந்திருந்தார். நாடா ஒன்றை ஒரு துணியில் சுற்றி நண்பனிடம் கொடுத்தார். "அங்கே தறி இருக்கும், புத்தா" என்றார். தமிழ்நாடு முழுவதும் நெசவாளர் நாடு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர்.

மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது மண்டபம் முகாமிலிருந்து. இரண்டாவது, தாயகம் திரும்பியோர்க்கு நூற்பாலையில் வேலை தருவார்கள் என்று காத்திருப்பதாக. மூன்றாவது நீலகிரியிலிருந்து; அங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், மலையும் குளிரும் கொழுந்தும் அப்படியே இருப்பதாகவும், தறி மட்டும் இல்லையென்றும் எழுதியிருந்தான். எழுத்துப் பிழையில்லை. பிழையின்றி எழுதியிருந்தான் என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதமும் துயரமும் இன்னும் ஆறவில்லை. அதன்பின் கடிதமில்லை. நான் எழுதியவை முகவரி காணாது திரும்பின.

அவன் தந்ததற்கு நான் எதிர் தரவில்லை என்பதை என் தாய் இறக்கும்வரை நினைவூட்டிக்கொண்டிருந்தாள். தருவதற்கு ஆளைக் காணோம். ஆகவே வேறொரு வழி கொண்டேன். பள்ளியை விட்டு விலகிய பிள்ளைகளுக்கு மாலைதோறும் எழுத்துக் கற்பிக்கிறேன், பணம் வாங்குவதில்லை. ஆனால் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது விதி. ஒரு பிடி வல்லாரை, ஒரு விறகு, ஆற்றுக்கல் ஒன்று என எதுவாயினும் ஆகும். அன்பர் சிலர் என்னைக் கடிந்துகொண்டனர். ஏழைப் பிள்ளைகளிடம் வாங்கலாமா என்றனர். நான் வாங்காவிட்டால் அவர்கள் ஏழைப் பிள்ளைகளாகவே இருந்துவிடுவார்கள் என்பதே என் மறுமொழி.

குருன்னான்சேயும் அக்காவும் இன்று இல்லை. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது. அவர்களின் பேத்தி ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு நாள்தோறும் பேருந்தில் போகிறாள். அவள் தைக்கும் துணி எந்த நாட்டில் நெய்யப்பட்டது என்பதை அவளறியாள். நான் பதுளை நகரில் குடியிருக்கிறேன். ஆயினும் சித்திரைத் தட்டு நிற்கவில்லை. என் வீட்டுத் தட்டை நண்பனின் துண்டால் மூடி நானே கொண்டுசெல்வேன்.

சென்ற சித்திரையில் குருன்னான்சேயின் மகள் எனக்கு எதிர்த்தட்டு எடுத்துவந்தாள். வழக்கமாய் மூடும் பூத்துணி அதன்மேல் இல்லை. தந்தையின் பழம்பெட்டியில் கிடைத்தது என்று சொல்லி, மேலிருந்த வெண்துணியை எடுத்து நீட்டினாள். இரு கரையிலும் செங்காவிக் கோடு. நாங்கள் இருவரும் பலகாரங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு துண்டுகளையும் பாயின்மேல் அருகருகே விரித்தோம். நாற்பதாண்டுக்கு முன் வெட்டிய ஓரங்கள் இரண்டும் இழைக்கு இழை பொருந்தின. என் பக்கத்து ஓரத்தை அவள் விரலால் தடவிப்பார்த்தாள். "ஒரு முடிச்சு இருக்கிறது" என்றாள். பின்பு மீண்டும் ஒருமுறை தடவி, "மாட்டவில்லை" என்றாள்.